கடவுள் என்னை ஏற்றுக்கொண்டாரா? குற்ற உணர்வோடு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகளை யாரும் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கேட்பதில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு, கதவுப் பக்கம் நின்று, "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். சின்னதாகவே இருக்காது. ஜெபக்குழுக்களில் பல வருடம் இருந்ததில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நானே கேட்டவையும் இதில் உண்டு. வசனங்களின் இடத்தைக் கொடுத்திருக்கிறேன், எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கடவுள் என்னை ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. மனதுக்குத் தோன்றுவது வேறு, உண்மை நிலை வேறு.

1 யோவான் 3:20 இப்படிச் சொல்கிறது: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." இதை நான் நெடுநாள் மிரட்டலாகவே வாசித்தேன். எனக்குத் தெரிந்த பாவங்களுக்கே நெஞ்சு இந்தப் பாடு படுத்துகிறதே, எல்லாம் தெரிந்தவர் என்ன சொல்வாரோ என்று. முந்தின வசனத்தையும் சேர்த்துப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே பேச்சே, அவர் முன்பாக நம் இருதயத்தை எப்படித் தைரியப்படுத்துவது என்பதுதான். யோவான் பயமுறுத்த எழுதவில்லை, தேற்றுவதற்காக எழுதுகிறார்.

எல்லாம் தெரிந்தவர் என்றால் தவறுகள் மட்டும் தெரிந்தவரா என்ன? நாக்கு நுனிவரை வந்து நீங்கள் விழுங்கிக்கொண்ட கடும்சொல், திருந்த வேண்டுமே என்று விழித்துக் கிடந்த இரவு, யாருக்கும் சொல்லாமல் செய்த உதவி எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் நெஞ்சுக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது. குற்றப்பத்திரிகை மட்டும் வரிவரியாக மனப்பாடம்.

மனசாட்சி சாட்சி சொல்லட்டும், அது அதன் வேலை. கூண்டில் நிற்கிற சாட்சியே மேலே ஏறி உட்கார்ந்து தீர்ப்பும் எழுத ஆரம்பித்தால்தான் வம்பு. பவுல் 1 கொரிந்தியர் 4:3, 4-இல், நான் என்னைப் பற்றிக்கூடத் தீர்ப்புச் சொல்வதில்லை என்கிறார். எனக்குத் தெரிந்து என்னிடம் குற்றம் இல்லை, ஆனால் அதனால் நான் நீதிமான் ஆகிவிடுவதில்லை என்கிறார். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நெஞ்சு குத்துகிறது என்பதாலேயே ஒருவர் தள்ளப்பட்டவர் ஆகிவிடுவதும் இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உறுத்தல் போகவில்லை. மன்னிப்பு கிடைக்கவில்லையோ?

தாவீது விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பத்சேபாளோடு தவறு செய்து, அவள் கணவன் உரியாவைப் போரில் சாகும்படி முன்னணியில் நிறுத்தியவர். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னதும், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம் செய்தேன்" என்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பதில் அதே வசனத்தில் வந்துவிடுகிறது: கர்த்தர் உமது பாவத்தை நீக்கினார், நீர் சாவதில்லை (2 சாமுவேல் 12:13). நாற்பது நாள் காத்திரு, பிறகு பார்க்கலாம் என்ற பேச்சில்லை.

ஆனால் அதே தாவீது, அந்தச் சந்தர்ப்பத்தில் பாடிய 51-ஆம் சங்கீதத்தில், என் பாவம் எப்போதும் எனக்கு முன்பாக நிற்கிறது என்கிறார். பிறந்த குழந்தை இறந்தது. பிற்பாடு சொந்த மகன் அப்சலோமே எதிர்த்து எழுந்தான். மன்னிப்பு கிடைத்ததும் உண்மை, விளைவுகள் தொடர்ந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு நிம்மதி கெடுகிறது. அதே சங்கீதத்தில், நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்படி செய்யும் என்றும் கேட்கிறார். எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்ட அன்றே வலி நின்றுவிடுமா? நிற்காது. வலிக்கிறதே என்று கட்டை அவிழ்த்து, சேர்ந்திருக்கிறதா என்று தினம் பார்த்தால் எலும்பு சேரவே சேராது. ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவத்தை ராத்திரிதோறும் தோண்டி எடுத்து மறுபடி அறிக்கையிடுவதும் இந்தக் கட்டை அவிழ்க்கிற வேலைதான்.

இது பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவதா, வெறும் குற்ற உணர்வா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அளவுகோல் போல எதுவும் கிடையாது. ஆனாலும் நடைமுறையில் உதவுகிற வித்தியாசம் ஒன்று உண்டு. உணர்த்துதல் குறிப்பாக இருக்கும்: நேற்று இன்னாரிடம் பொய் சொன்னாய், போய்ச் சரிசெய். பெயர் இருக்கும், செய்யக்கூடிய காரியம் இருக்கும், செய்து முடித்தால் அது அடங்கும். மற்றதற்கு முகவரியே இருக்காது. "நீ சரியில்லை", "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சரி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால் பதில் வராது.

பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டு துக்கங்களைப் பிரிக்கிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், லௌகிக துக்கம் மரணத்துக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யூதாசும் பேதுருவும் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்த ஒரே இரவில் இரண்டு பேருமே தவறினார்கள், இரண்டு பேருமே உடைந்துபோனார்கள். யூதாஸ் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். மத்தேயு 27-இல் அவன் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோகிறான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறான். ஆனால் அதைப் பிரதான ஆசாரியரிடம் போய்ச் சொன்னான். அவர்கள் சொன்ன பதில், எங்களுக்கென்ன, அது உன்பாடு. தட்டக்கூடாத கதவைத் தட்டினான்.

பேதுரு மூன்று முறை மறுதலித்தது ஒரு முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அவரைச் சந்தித்த கடற்கரையிலும் கரிநெருப்பு இருந்தது, மேலே மீன் வைத்திருந்தது (யோவான் 21:9). அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. அதே புகை வாசம் மூக்கில் ஏறியபோது பேதுருவின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! முதலில் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்ட பிறகு "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுருவுக்குத் துக்கம் பொங்குகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக. அன்று ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். இன்னும் எத்தனை முறை மன்னிப்பார்?

ஒரே நாளில் ஏழு முறை ஒருவன் உனக்கு விரோதமாகத் தவறு செய்து, ஏழு முறையும் மனஸ்தாபப்பட்டு வந்தால் மன்னி என்று நமக்குச் சொன்னவர் இயேசு (லூக்கா 17:4). அதைவிடக் குறைவாகத் தாம் மன்னிப்பார் என்று நினைக்க இடமில்லை. சின்ன வெங்காயம் எண்ணுவது போலப் பாவத்தை எண்ணி வைக்கிறவர் இல்லை அவர்.

அதற்காக, எப்படியும் மன்னிப்பார், செய்துவிட்டுப் பார்க்கலாம் என்று போனால் ரோமர் 6 தொடக்கத்திலேயே பவுல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் உண்மையாக இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் யாரும் அந்த ரகம் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது வேறு: பாவம் நடந்த பிறகு அழுவதற்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிறீர்கள், நடப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைக் கவனித்தீர்களா? எந்த நேரம், யாரோடு, எந்தக் களைப்பில், கையில் போனோடு தனியாக இருக்கும்போதா? அழுகையைவிட இந்தக் கணக்கு உபயோகப்படும். அடிமையாகிவிட்ட பழக்கம் என்றால் மருத்துவ உதவியும் தேவைப்படலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ?

மாற்கு 3-ஐ எடுத்து 22 முதல் 30 வரை நிதானமாகப் படியுங்கள். பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பே இல்லை என்று இயேசு எச்சரிப்பது அங்கேதான். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் கண்ணெதிரே நன்மை நடப்பதைப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே அதைப் பிசாசின் வேலை என்கிறார்கள். 30-ஆம் வசனம் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: இயேசுவுக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால்தான் இந்த எச்சரிக்கை. தெரிந்தே வெளிச்சத்தை இருட்டு என்று சாதிக்கிற நிலை அது. அந்த நிலையில் இருப்பவருக்குப் பயம் வராது, ராத்திரி தூக்கம் கெடாது, உங்களைப்போல இப்படி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். பவுல் தன்னை முன்பு தூஷித்தவன் என்றே சொல்லிக்கொள்கிறார் (1 தீமோத்தேயு 1:13). இரக்கம் பெற்றதாகவும் அதே வசனத்தில் சொல்கிறார்.

ஜெபிக்கும்போதே கெட்ட எண்ணங்கள் வருகின்றன. ஒரு வார்த்தை தவறினாலும் முதலிலிருந்து மறுபடி ஜெபிக்கிறேன். இது பக்தியா, வேறு எதாவதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அந்த வழியில் போய் வந்தவன்.

இருபது வயதில் என்னிடம் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. அன்றன்றைக்கு செய்த பாவங்களை எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்து, கோடு போட்டு அடிப்பேன். படுத்த பிறகு, மூன்றாவதைச் சொல்லும்போது மனது எங்கோ போய்விட்டதே என்று தோன்றும். எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி முழங்காலில். ஒரு இரவில் ஐந்து தடவைகூட நடந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் நான் ரொம்ப பக்தி என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது பக்தி இல்லை, பயம்.

இது புதிய நோய் இல்லை. மார்ட்டின் லூத்தர் 1505-இல் மடத்தில் சேர்ந்த பிறகு மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், முடித்துவிட்டு வெளியே போனதும் ஒன்று விட்டுப்போயிற்று என்று திரும்பி வருவார். அவருக்கு ஆலோசகராக இருந்த ஸ்டாபிட்ஸ் பொறுமை இழந்து, அறிக்கை செய்ய நிஜமான பாவம் எதையாவது கொண்டு வா என்கிற அளவுக்குப் போனார். 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்த, பிற்பாடு இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாருக்கும் இதே கதைதான், தற்கொலை எண்ணம் வரை போய் மீண்டார். பிற்காலத்தில் அவர் ஒரு உதாரணம் சொன்னார்: தரையில் இரண்டு வைக்கோல் துரும்பு குறுக்கே கிடந்து சிலுவை மாதிரி தெரிகிறது, தெரியாமல் மிதித்துவிட்டோம், உடனே பாவம் செய்துவிட்டோம் என்று மனது அடித்துக்கொள்கிறது. பாவமே இல்லாத இடத்தில் பாவத்தைப் பார்க்கிற இந்த நிலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், கூரான சிறுகல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல். கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு அடிக்கும் குத்தும்.

இன்றைய மனநல மருத்துவம் இதை எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வகையாகப் பார்க்கிறது. வேண்டாத எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, அதைத் தணிக்க ஒரு சடங்கு செய்கிறோம், கொஞ்சம் தணிகிறது, அதனாலேயே அடுத்த முறை அந்தச் சடங்கு இல்லாமல் முடிவதில்லை. சிகிச்சையும் இருக்கிறது: பதற்றம் வரட்டும் என்று விட்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். சிலருக்கு மாத்திரையும் உதவும். வேடிக்கை என்னவென்றால், பழைய ஆன்மிக வழிகாட்டிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்: பழைய பாவத்தை மறுபடி அறிக்கை செய்யாதே, நம்பிக்கையான ஒருவர் போதும் என்றால் அதோடு நிறுத்து.

வந்துபோகிற எண்ணம் பாவம் இல்லை. அது உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதிலேயே உங்கள் விருப்பம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஜெபத்தை ஒரு தடவை சொல்லுங்கள், தட்டுத்தடுமாறியே சொல்லுங்கள், ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும்.

எனக்குக் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம். கடவுள் கோபமாக இருக்கிறார் என்பதற்கு இது அடையாளமா?

யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள், அதுவும் அத்தியாயம் அத்தியாயமாக. கடைசியில் கடவுள் கோபப்பட்டது யோபுவிடம் இல்லை, அந்த நண்பர்களிடம் (யோபு 42:7). பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். அந்த நண்பர்களில் ஒருவன் எலிப்பாஸ், உங்களைச் சுற்றியும் எலிப்பாஸ்கள் இருப்பார்கள். காது கொடுக்காதீர்கள்.

ஜெபத்தில் எதுவுமே உணர முடியவில்லை. வறண்டு கிடக்கிறேன்.

எலியாவைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேலில் பெரிய வெற்றி கண்ட கையோடு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, நான் என் முன்னோர்களைவிட நல்லவன் இல்லை, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். பதிலுக்குப் பிரசங்கம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தேவதூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பி, பிரயாணம் தூரம், இன்னும் சாப்பிடு என்கிறான். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அளவுக்கு மீறிய குற்ற உணர்வும், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் மனச்சோர்வு நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க இப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். விசுவாசம் குறைந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு எது குறைந்தது என்று கேளுங்கள்.

மற்றவர்கள் எவ்வளவோ செய்கிறார்கள். நான் செய்வதெல்லாம் ஒரு கணக்கா?

பேதுருவும் கடற்கரையில் யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்டார். உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றி வா என்று பதில் வந்தது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையையும் நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடவுள் மன்னித்துவிட்டார், சரி. நான் காயப்படுத்திய மனிதர் மன்னிக்கவில்லையே?

முதலில், அவரிடம் போனீர்களா? பலர் கடவுளிடம் மட்டும் கேட்டுவிட்டு இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் சிலருக்கு உறுத்தல் நிற்பதில்லை. நிற்கவும் கூடாது. "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று வள்ளுவர் சொன்ன சூடு அது, நல்ல சூடு. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. சகேயு அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற சொல் வேண்டாம். "நான் செய்தது தப்பு, ஆனால் நீயும்..." என்று ஆரம்பித்தால் அது சண்டையின் இரண்டாம் பாகம்.

போயும் அவர் ஏற்கவில்லை என்றால்? ரோமர் 12:18 "கூடுமானால்" என்ற சொல்லோடு தொடங்குகிறது, உங்களால் ஆனமட்டும் என்கிறது. அடுத்தவர் மனது உங்கள் கையில் இல்லை. அவருக்கு அவகாசம் கொடுங்கள், வாசலில் போய் நின்று தொந்தரவு செய்யாதீர்கள்.

என்னை நானே மன்னிக்க வேண்டும் என்கிறார்களே?

அப்படி ஒரு கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி இன்னொரு குற்ற உணர்வைச் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு இருக்கிற வேலை, அவர் மன்னித்தார் என்பதை ஏற்றுக்கொள்வது. அதுவே போதுமான அளவு கஷ்டம்.

கடைசிவரை எனக்கு அந்த நிச்சயம் வராமலே போனால்?

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர், 1731-இல் பிறந்தவர். நண்பரும் போதகருமான ஜான் நியூட்டனோடு சேர்ந்து அவர் எழுதிய துதிப்பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. 1773-இல் ஒரு கொடுங்கனவு கண்டார், அன்றுமுதல் தன்னைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1800-இல் இறக்கும்வரை அதே இருள், நடுவில் கொஞ்ச காலம் விலகும், திரும்ப வரும். நியூட்டன் அவரோடு வாதாடித் தோற்றார். ஆனால் அந்தக் கனவுக்குப் பிறகு நோய் முற்றிய காலத்தில் ஓராண்டுக்கும் மேலாக அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரின் நெஞ்சு சொன்னதுதான் தீர்ப்பு என்று நான் நம்பவில்லை. அவர் பாட்டால் தேறியவர்கள் எத்தனையோ பேர்.

மாற்கு 9-இல் ஒரு தகப்பன் வருகிறான். மகனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு, நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறவன். சீடர்களிடம் காட்டிப் பலனில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இரண்டும் ஒரே மூச்சில். அதற்கப்புறம் அவனுடைய விசுவாசம் எவ்வளவு தேறியது என்று மாற்கு எழுதவில்லை. இயேசு பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்திருந்தான் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.